தக்காளிச் செடிக்குத் தலைக்குக் குளிப்பாட்டலாமா?

"இன்னா தம்பி, செடிக்கு அம்மை போட்ட மாதிரி கீது?" என்றார் கீழ்வீட்டு அக்கா. தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் ஆறு தொட்டித் தக்காளி. ஆறிலும் அடி இலைகள் பழுத்து, பழுப்புப் புள்ளி விழுந்து, நோய் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மருந்து தேடி அலைந்தேன். கோளாறு என் பூவாளியில் இருந்தது. வேலை முடிந்து வந்து, இரவு எட்டு மணிக்கு மேல் செடிகளைத் தலையோடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

புள்ளிக்குள் வளையத்துக்குள் வளையமாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஆல்டர்நேரியா என்ற பூசணம் உண்டாக்கும் இலைக்கருகல். புள்ளி சிறியதாக, நடுவில் சாம்பல் பூத்து, ஓரம் கறுத்திருந்தால் செப்டோரியா என்ற இன்னொரு பூசணம். இரண்டும் பழைய செடியின் இலைக்குப்பையில் தங்கியிருக்கக்கூடியவை. உயரத்திலிருந்து விழும் துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போது பூசண வித்துகளும் கூடவே கிளம்பி அடி இலையில் ஒட்டிக்கொள்கின்றன. ஆல்டர்நேரியா வித்து காற்றிலும் பறக்கும். செப்டோரியாவுக்குத் தெறிப்புதான் முக்கிய வாகனம்.

ஒட்டியதும் நோய் வந்துவிடாது. வித்து முளைக்க இலைமேல் நீர்ப்படலம் வேண்டும். முளை விட்டு, நூல்போல நீண்டு, இலையின் தோலையோ துளையையோ கடந்து உள்ளே போகச் சில மணி நேரமாவது ஆகும். அதற்குள் இலை காய்ந்துவிட்டால் செடி தப்பிக்க வாய்ப்பு அதிகம். காலையில் நனைந்த இலை வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். இரவில் நனைந்தது? காசிமேட்டுக் கடற்காற்றில் கொடியில் போட்ட துண்டே விடியவிடியப் பிசுபிசுக்கும். இலை எங்கே காயும்? போதாததற்கு, ஆல்டர்நேரியாவுக்குப் பிடித்த வெப்பம் ஏறக்குறைய 24 முதல் 29 டிகிரி. நம் ஐப்பசி இரவுகள் அதைச் சரியாக எடுத்துக் கொடுக்கின்றன. நடுவில் காய்ந்தாலும் சாகாமல் கிடந்து, மறுபடி நனைந்ததும் விட்ட இடத்திலிருந்து வளரும் சாமர்த்தியமும் அதற்கு உண்டு. அதனால் 'கொஞ்சம்தானே தெளித்தேன்' என்ற சமாதானம் எடுபடாது.

சரி, இலையைத் தொடாமல் இரவில் வேருக்கு மட்டும் ஊற்றினால்? அதிலும் ஒரு சிக்கல். விடிகாலையில் இலையோரப் பற்களில் முத்து முத்தாக நீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பனியல்லாததும் உண்டு. மண் நிறைய ஈரமாகவும் காற்று ஈரமாகவும் இருக்கும் இரவில் வேர் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஆவியாகப் போக வழியில்லாததால் அது இலையோரத் துளைகள் வழியே கசிகிறது. பாக்டீரியா இலைப்புள்ளியை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் உள்ளே நுழையும் வாசல்களில் அந்தத் துளைகளும் ஒன்று. ஆகவே தண்ணீர் காலையில்தான். விடியற்காலை லாரித் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு நிற்கும் வீடுகளுக்கு இது புதுவேலையும் இல்லை. நான் இப்போது தண்ணீர்க் குவளையைத் தண்டின் அடியில் சாய்த்து மெதுவாக ஊற்றுகிறேன். மண்மேல் தென்னை நார் பரப்பியாயிற்று, தெறிப்பு இல்லை. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இலைகளைக் கிள்ளிவிட்டேன். ஈரக்கையோடு தொட்டால் நோய் கையோடு பயணம் போகும் என்பதால் செடி காய்ந்திருந்த நேரம் பார்த்து.

எண்ணூர், மணலிப் பக்கத்து நண்பர்கள் இலையைக் கழுவாமல் இருக்க முடியாது என்பார்கள். நியாயம்தான், தூசு அப்படிப் படிகிறது. கழுவுங்கள், காலையில், வெயில் வருகிற நாளாகப் பார்த்து. உப்பேறிய போர்த் தண்ணீர் மட்டும் வேண்டாம். அது காய்ந்து இலை விளிம்பைக் கருக்கிவிடும், நாம் நோய் என்று மருந்தடித்துக்கொண்டிருப்போம்.

வடகிழக்குப் பருவமழைக்கு நம் பூவாளி ஒழுக்கமெல்லாம் கணக்கில்லை. அப்போது தொட்டிகளைத் தண்ணீர்த் தொட்டிக் கூரையின் கீழே இழுத்துவிடுகிறேன். காற்றுப் புகும்படி இடைவெளி விட்டுத்தான்.

ஒரு மாதம் கழித்து அக்கா தன் செடியைக் காட்டினார். "நானும் காலையிலதான் ஊத்துறேன், அப்பவும் இல சுருண்டுக்கினு வருது." நுனி இலைகள் குட்டையாகி, மேல்நோக்கிக் கிண்ணம்போல மடங்கியிருந்தன. இலையைத் திருப்பினேன். பொட்டுப் பொட்டாக வெள்ளை ஈக்கள் பறந்தன. இலைச்சுருட்டு வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அவைதான். தண்ணீர் ஊற்றும் நேரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தச் செடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டச் சொன்னேன். "பூ வந்துச்சே" என்றார்.