மேக்ரோ: நெருக்கமா, பெருக்கமா?

கிரேக்கத்தில் 'மக்ரோஸ்' என்றால் நீண்டது, பெரியது. எறும்பையும் மகரந்தத்தையும் படமெடுக்கும் 'மேக்ரோ' ஒளிப்படக் கலைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? பொருள் சிறியதுதான், பெரிதாவது அதன் உருவம். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரில் விழும் உருவம் பொருளின் அளவையே எட்டினால் அது 1:1. மேக்ரோவுக்கு வழக்கமான அளவுகோல் இதுவே. கேமரா நிறுவனமான நிகான் மட்டும் தன் மேக்ரோ லென்ஸ்களை 'மைக்ரோ நிக்கோர்' என்கிறது. 1956இல் வந்த முதல் லென்ஸ், ஆவணங்களை மிகச் சிறிதாக்கி மைக்ரோஃபிலிமில் பதியும் தேவையிலிருந்து பிறந்தது.

மேக்ரோ ஒளிப்படத்தைத் தமிழில் 'பேரளவு ஒளிப்படம்' என்று பெயர்த்தால் சுவரொட்டிதான் நினைவுக்கு வரும். 'அண்மை ஒளிப்படம்' காதுக்கு இதம், ஆனால் அது குளோசப். கிட்டப்போய் எடுத்த முகமும் அண்மைப் படமே. இயற்பியல் பாடத்தில் படித்த 'உருப்பெருக்கம்' கைவசம் இருக்கும்போது 'உருப்பெருக்க ஒளிப்படம்' என்பதே சரி.

கருவி வாங்கும்போதும் இந்த வேறுபாடு கைகொடுக்கும். லென்ஸின் மேல் 'மேக்ரோ' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஒரு மில்லிமீட்டர் அளவுகோலை முடிந்தவரை கிட்டத்தில் ஃபோகஸ் செய்து படத்தின் அகலவாக்கில் எடுங்கள். சென்சார் 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 36 மி.மீ. தெரிந்தால் 1:1, 72 மி.மீ. தெரிந்தால் பாதிதான்.

பையில் சுமை கூடாது என்பவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் நல்லது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டுவது இது. உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் வளையம். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (அதன்மேல் மி.மீ.இல் எழுதியிருப்பது) வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் கிடைக்கும்: 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. டியூப் 0.5 மடங்கு கூட்டும். அதே டியூப் 200 மி.மீ. லென்ஸில் 0.125 மடங்குதான். அங்கே முன்புறம் திருகும் குளோசப் லென்ஸே மேல். 200 மி.மீ. லென்ஸில் +4 டயாப்டர் (லென்ஸ் திறனின் அலகு) குளோசப் லென்ஸை மாட்டி, ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் ஏறக்குறைய 0.8 மடங்கு, பொருளுக்கும் லென்ஸுக்கும் 25 செ.மீ. இடைவெளி. பூச்சி பறந்துபோகாமல் இருக்க இந்த இடைவெளி முக்கியம். டியூப் மாட்டிய 50 மி.மீ. லென்ஸோடு பூச்சிக்கு இன்னும் கிட்டே போக வேண்டியிருக்கும். லென்ஸின் நிழலே அதன்மேல் விழலாம்.

1:1இல் லென்ஸின் துளையை f/8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மி.மீ. ஈயின் கண் தெளிந்தால் இறக்கை மங்கும். துளையை இன்னும் சுருக்கினால் வெளிச்சம் போதாது. f/16ஐத் தாண்டிச் சுருக்கினால், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்புவிளைவால் படம் முழுவதும் மழுங்கும். ஆகவே கனமான முக்காலியை வாங்குவதற்கு முன், ஒரு சிறிய ஃபிளாஷும், அதன் வெளிச்சத்தை மென்மையாக்க முன்னே பிடிக்க ஒரு வெள்ளைத் துணியும் பையில் இருக்கட்டும்.