விரியாத விரல்களுக்கும் ஓட்டப் பந்தயம் உண்டு

"ஏற்கெனவே தசையெல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பந்தயம் என்று போனால் இன்னும் இறுகிவிடாதா?"

பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் தசைகளை அடக்கி ஆள முடியாத நிலை, செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளையைச் சக்கர நாற்காலிப் பந்தயத்தில் சேர்க்கலாம் என்று சொன்னதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்பதில் தவறே இல்லை. இயன்முறை மருத்துவத்திலேயே ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையை ஆதரிக்கவில்லை. முறையான பலப் பயிற்சியால் இறுக்கம் கூடுவதில்லை. அந்தப் பழைய பயத்தால் எத்தனை பிள்ளைகள் மைதானத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

என்னிடம் வந்த ஒரு சிறுமிக்குக் கட்டைவிரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கும். அன்றாட நாற்காலியின் சக்கரத்தில் தள்ளுவதற்கென உள்ள வளையத்தைப் பிடித்து, தள்ளி, விட்டு, மறுபடி பிடிப்பதற்குள் களைத்துவிடுவாள். பந்தய நாற்காலியில் வளையத்தைப் பிடிக்கவே வேண்டாம். கெட்டியான கையுறைக்குள் விரல்களை மடக்கி, முஷ்டியால் வளையத்தைக் குத்தித் தள்ளுகிறார்கள். விரியாத விரல் அங்கே ஒரு குறையே இல்லை. முதல் நாள் பயிற்சி முடிந்தும் கையுறையைக் கழற்ற அவள் விடவில்லை.

அவளுக்குச் சிக்கல் புறப்படும் இடத்தில்தான் இருந்தது. துப்பாக்கி வெடித்ததும் உடல் திடுக்கிட்டு விறைக்கும், கைகள் வளையத்தை விட்டு எகிறும். அவை திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் முன்னே போய்விடுவார்கள். இது பயமல்ல, மூளையால் அடக்க முடியாத அனிச்சைச் செயல். தைரியமாக இரு என்று அதட்டிப் பயனில்லை. மெல்லிய கைத்தட்டலில் தொடங்கி, வாரக்கணக்கில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். மூச்சை வெளியே விட்டபடி காத்திருக்கப் பழக்கினோம். இப்போதும் திடுக்கிடுகிறாள், ஆனால் கை வளையத்திலேயே இருக்கிறது.

இந்தப் பந்தயத்தில் டி32, டி33, டி34 என்று பிரிவுகள் உண்டு. எண் கூடக் கூடப் பாதிப்பு குறைவு. டி34 பிரிவில் பிரிட்டனின் ஹன்னா காக்ராஃப்ட் 2012 லண்டன் முதல் 2024 பாரிஸ் வரை நான்கு பாராலிம்பிக்கிலும் 100 மீட்டர் தங்கம் வென்றார். டோக்கியோவில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 16.39 வினாடி.

சேர்ப்பதற்கு முன் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அது மெல்ல நழுவுவது உண்டு, வெளியே தெரியாது. வலிப்பு இருந்தால் பயிற்சியாளரிடம் மறைக்காதீர்கள். நாற்காலி உடலின் அளவுக்கே இருக்க வேண்டும். இருக்கை தளர்வாக இருந்தால், இறுக்கம் வரும்போது கால் உதைத்து வெளியே வந்துவிடும். உடலை நாற்காலியோடு கட்டும் பட்டை சரியான இடத்தில் இருந்தால் அதே கால் அமைதியாக மடங்கிக் கிடக்கும். பயிற்சி முடிந்ததும் பட்டை அழுத்திய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.