கலங்கிய புட்டியும் கிளிக்கோ அம்மையாரும்

கடைக்கு வரும் ஷாம்பெயின் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. அதே புட்டி பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகரின் நிலவறையில் கிடந்த காலத்தில் யாராவது எடுத்துக் குலுக்கியிருந்தால், உள்ளே இருப்பது கழுநீர்போல் கலங்கியிருக்கும். நொதித்து மடிந்த ஈஸ்ட் செல்கள் கோடிக்கணக்கில் அதன் அடியில் வண்டலாகப் படிந்திருந்ததே காரணம். அந்த ஈஸ்ட் இல்லாவிட்டால் குமிழியும் இல்லை, ஷாம்பெயினுக்கே உரிய சுட்ட ரொட்டி வாசனையும் இல்லை. ஆனாலும் அது கோப்பைக்கு வந்துவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் உள்ளே வைத்திருக்க வேண்டிய ஒன்றை, அடைபட்ட வாயு வீணாகாமல் எப்படி வெளியேற்றுவது என்ற சிக்கலுக்கு விடை கண்டதுதான் வெவ் கிளிக்கோ நிறுவனத்தின் புகழுக்கு அடிப்படை.

"வெவ்" என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு விதவை என்று பொருள். 1772இல் பிலிப் கிளிக்கோ ரெய்ம்ஸில் தொடங்கிய ஒயின் வணிகம் அவர் மகன் பிரான்சுவாவின் கைக்கு வந்தது. 1805இல் பிரான்சுவா இறந்தபோது அவருடைய மனைவி பார்ப் நிக்கோலுக்கு வயது 27. கணவன் உள்ள பெண் அவனுடைய சம்மதமின்றி வணிகம் நடத்த அன்றைய பிரெஞ்சுச் சட்டம் இடம் தரவில்லை. கணவனை இழந்தவளுக்கோ அந்தத் தடை இல்லை. மாமனாரின் முதலீட்டோடு நிறுவனத்தை ஏற்ற அந்த இளம்பெண், தன் துயரத்தைக் குறிக்கும் சொல்லையே நிறுவனத்தின் பெயரிலும் வைத்துக்கொண்டார்.

அவர் ஏற்ற தொழில் எளிதானதல்ல. ரெய்ம்ஸைச் சூழ்ந்த, ஷாம்பெயினுக்குப் பெயர் தந்த ஷாம்பேன் வட்டாரம் திராட்சை பழுக்கும் எல்லையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கே பழத்தில் புளிப்பு மிகுதி, சர்க்கரை குறைவு. குளிர்காலம் வந்ததும் ஈஸ்ட் உறங்கிவிடும். வசந்தத்தில் விழித்து, எஞ்சிய சர்க்கரையை மீண்டும் நொதிக்கத் தொடங்கும். அதற்குள் ஒயினைப் புட்டியில் அடைத்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியின்றி ஒயினிலேயே கரைந்துவிடும். பருவநிலை தற்செயலாகச் செய்த இந்த வேலையைத்தான் ஷாம்பெயின் முறை வேண்டுமென்றே செய்கிறது. குமிழியற்ற ஒயினைப் புட்டியில் ஊற்றி, லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் சிறிது ஈஸ்டும் சேர்த்து மூடுகிறார்கள். நான்கு கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் உண்டாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. ஆகவே 24 கிராம் ஆறு மடங்கு அழுத்தத்தைத் தருகிறது. கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல இது இரண்டு மூன்று மடங்கு. கிளிக்கோ அம்மையாரின் இளமைக் காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. ஷலோன் நகரத்து மருந்தாளர் ஒருவர் 1836இல் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை வகுத்துச் சொல்லும்வரை எல்லாம் குத்துமதிப்புத்தான். ஒரு புட்டி வெடித்தால் பக்கத்துப் புட்டிகளும் வெடிக்கும் என்பதால், நிலவறைப் பணியாளர்கள் முகத்தில் இரும்புக் கவசம் அணிந்து வேலை செய்தார்கள்.

சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் மடிகிறது. ஆனால் அதன் வேலை முடிவதில்லை. செல்லுக்குள் இருக்கும் நொதிகள் செல்லையே மெல்ல மெல்லச் சிதைக்க, அமினோ அமிலங்களும் செல் சுவரைச் சேர்ந்த புரதச் சர்க்கரைச் சேர்மங்களும் ஒயினில் கலக்கின்றன. ரொட்டி, வறுத்த பருப்பு போன்ற வாசனைகளும் நாவில் படரும் வழுவழுப்பும் இந்தச் சிதைவோடு சேர்ந்து வருபவை. இது மாதங்களில் முடியும் காரியமல்ல. புட்டியில் விளைச்சல் ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயின் குறைந்தது 15 மாதமும், ஆண்டு குறிப்பிட்டது குறைந்தது மூன்று ஆண்டும் நிலவறையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வெவ் கிளிக்கோ போன்ற பெரிய நிறுவனங்கள் அதற்கும் மேலாகவே காத்திருக்கின்றன.

1814இல் வண்டல் சிக்கல் முற்றியது. நெப்போலியனின் போர்கள் ஓயும் தறுவாயில், ரஷ்யாவின் இறக்குமதித் தடை நீங்குமென்று கணித்த அம்மையாரும் அவருடைய விற்பனை முகவர் லூயி போனும் 10,550 புட்டிகளைப் போட்டியாளர்களுக்குத் தெரியாமல் கப்பலேற்றினார்கள். 1811இல் வானில் பெரிய வால்நட்சத்திரம் தோன்றியபோது விளைந்த திராட்சையின் ஒயின் அது. சரக்கு விற்றுத் தீர்ந்தது. மேலும் கேட்டு உத்தரவுகள் குவிந்தன. அனுப்பத்தான் தெளிந்த சரக்கு இல்லை. தெளிந்த பகுதியை வேறு புட்டிக்கு மாற்றி ஊற்றுவதே அன்றிருந்த பழக்கம். அதில் பாதி வாயு பறந்துவிடும், ஒயினும் சிந்தும்.

சமையலறை மேசையில் துளைகள் இட்டு, புட்டிகளைத் தலைகீழாகச் செருகி வைத்து அம்மையார் சோதித்தார் என்று நிறுவனம் சொல்கிறது. 1816ஐ ஒட்டி நடந்த இந்த வேலையில் நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லருக்கும் பங்குண்டு. யார் தலையில் முதலில் உதித்தது என்ற விவாதத்தைவிட, அதை ஆயிரக்கணக்கான புட்டிகளுக்கு அன்றாட வேலையாக மாற்றிய நிர்வாகத் திறனே பெரிது என்பது என் எண்ணம்.

புட்டியைக் கவிழ்த்து வைத்தால் வண்டல் தானே கழுத்துக்கு இறங்கிவிடாதா என்று கேட்கத் தோன்றும். இறங்காது. திரவத்தில் மூழ்கும் துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வேகம் கால்பங்காகும். ஈஸ்ட் செல்கள் மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு அகலமே உள்ளவை. அவற்றோடு அதைவிட மிக நுண்ணிய புரதத் துணுக்குகளும் இருக்கின்றன. பருத்தவை முதலில் இறங்கிவிட, நுண்ணியவை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒரு குலுக்கில் மறுபடி கலங்கல். ஆகவே புட்டியைச் சாய்த்து வைத்து, நாள்தோறும் வெடுக்கென்று எட்டில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ சுழற்றி, சிறிது சிறிதாகச் சாய்வைக் கூட்டுகிறார்கள். வெடுக்கென்ற அசைவு படிவைப் பெயர்க்கிறது. பெயர்ந்த பருத்த துகள்கள் நுண்ணியவற்றையும் துடைப்பம்போல் கூட்டிக்கொண்டு கழுத்தை நோக்கிச் சரிகின்றன. கையால் செய்தால் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தேர்ந்த பணியாளர் ஒருவர் நாளில் 40,000 புட்டிகளைச் சுழற்றுவார் என்பார்கள். மணிக்கட்டுகளை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. இன்று பெரும்பாலும் 504 புட்டிகள் கொண்ட கூண்டை இயந்திரம் சுழற்றி, ஏறத்தாழ ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறது.

கழுத்தில் திரண்ட வண்டலை வெளியேற்ற, கழுத்தை மட்டும் பூஜ்யத்துக்கு 27 பாகை கீழே குளிர்ந்த உப்புக்கரைசலில் அமிழ்த்துகிறார்கள். வண்டல் பனிக்கட்டியாக உறைந்து அடைப்பாகிறது. மூடியைத் திறந்ததும் உள்ளிருக்கும் அழுத்தமே அதை வெளியே தள்ளிவிடும். குளிர்ந்த திரவம் வாயுவை இறுகப் பிடித்துக்கொள்வதால் நுரை அதிகம் பொங்குவதில்லை. குறைந்துபோன அளவை ஈடுகட்ட ஒயினும் சிறிது சர்க்கரையும் சேர்த்துத் தக்கை அடைக்கப்படும்.

சுவையில் இந்த நிறுவனத்தின் பாணி பினோ நுவார் என்னும் கறுப்புத் திராட்சையைச் சார்ந்தது. கலவையில் பாதியளவு அதுதான். நாவில் கனமான உணர்வும் சுவையின் அழுத்தமும் அது தருபவை. ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை கூர்மையையும் மெனியே என்ற கறுப்புத் திராட்சை பழவாசனையையும் சேர்க்கின்றன. வடக்கு ஓரத்தில் ஓராண்டு விளைச்சல் மறு ஆண்டைப் போல இருப்பதில்லை என்பதால், முந்தைய ஆண்டுகளின் ஒயின்களைத் தனித்தனியே சேமித்து, ஒவ்வோர் ஆண்டும் கணிசமான பங்கு கலந்து, மஞ்சள் லேபிள் புட்டியின் சுவை மாறாமல் காக்கிறார்கள். 1818இல் அம்மையார் பூசி என்ற ஊரின் சிவப்பு ஒயினை வெள்ளை ஒயினோடு கலந்து இளஞ்சிவப்பு ஷாம்பெயின் செய்தார். ரெய்ம்ஸின் அடியில் பழங்காலச் சுண்ணக்கல் குழிகளில் அமைந்த நிலவறைகள் ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சியில் இருப்பதால், இந்தக் காத்திருப்புக்குத் தனிக் குளிரூட்டி தேவைப்படவில்லை.

அவர் காலத்து ஒயின் எப்படி இருந்தது என்பதை அறிய 2010இல் எதிர்பாராத வாய்ப்புக் கிடைத்தது. பின்லாந்தின் ஓலாந்து தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலில் 168 ஷாம்பெயின் புட்டிகள் அகப்பட்டன. அவற்றில் சிலவற்றின் தக்கையில் வெவ் கிளிக்கோவின் முத்திரை இருந்தது. இருளும் குளிரும் நிறைந்த கடலடியில் அவை ஏறத்தாழ 170 ஆண்டுகள் கிடந்திருந்தன. 2015இல் வெளியான ஆய்வின்படி, லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரையும், இன்றையதைவிடக் குறைந்த ஆல்கஹாலும் அந்த ஒயினில் இருந்தன. இனிப்புக் குறைந்த இன்றைய "புரூட்" வகையில் சர்க்கரை 12 கிராமுக்கு மிகாது. ரஷ்யர்கள் அதையும்விட இனிப்பாகக் கேட்டார்கள் என்று அம்மையாரின் கடிதங்கள் காட்டுகின்றன. திறந்தவுடன் ஈரமான முடியும் பாலாடைக்கட்டியும் போல நாறிய ஒயின், கோப்பையில் சுழற்றிச் சிறிது காற்றுப் பட்டதும் புகை, மசாலா, தோல் வாசனைகளாக மாறியது. 2014இல் வெவ் கிளிக்கோ தன் இன்றைய ஒயின்களில் சிலவற்றை அதே ஓலாந்துக் கடலில் இறக்கியிருக்கிறது. ரெய்ம்ஸ் நிலவறையில் கிடக்கும் அவற்றின் இணைப் புட்டிகளோடு சேர்த்து அவ்வப்போது சுவைத்து ஒப்பிடுவது திட்டம்.