ஃபவுலா, இல்லையா: ஒரு விசிலின் அறிவியல்

2024 ஏப்ரல் 5. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் தேசிய அரையிறுதி. ஐயோவா 70, கனெக்டிகட் 69. பந்து கனெக்டிகட்டின் கையில். ஆட்டம் முடியப் பத்து வினாடிகூட இல்லை. கனெக்டிகட்டின் முன்னணி வீராங்கனை பேய்ஜ் பெக்கர்ஸ் வளைந்து ஓடுகிறார். ஐயோவாவின் கேபி மார்ஷல் விடாமல் அவரைத் துரத்துகிறார். மார்ஷலின் வழியில் தன் உடம்பைச் சுவர்போல நிறுத்தி மறிக்கிறார் கனெக்டிகட்டின் ஆலியா எட்வர்ட்ஸ். இதற்கு ஸ்கிரீன் என்று பெயர். மார்ஷல் அவர்மேல் மோதுகிறார். விசில் ஒலிக்கிறது. விதிமீறிய ஸ்கிரீன் என்று எட்வர்ட்ஸ்மேல் ஃபவுல். கடிகாரத்தில் மீதம் 3.9 வினாடி. பந்து ஐயோவாவுக்குப் போனது. 71-69 என்ற கணக்கில் வெற்றியும் ஐயோவாவுக்கே போனது.

சராசரியாக 1 கோடியே 42 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டம் அது. இரவு முழுக்கச் சண்டை ஓயவில்லை. ஆண்கள் கூடைப்பந்தின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் அந்த விசிலை ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். விதி விதிதான், முதல் நிமிடத்தில் ஃபவுல் என்றால் கடைசி நிமிடத்திலும் ஃபவுல்தான் என்றார்கள் மறு தரப்பினர். இரு தரப்பும் அதே ரீப்ளேயைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டின. ஆனாலும் ஒருவர் மனமும் மாறியதாகத் தெரியவில்லை.

மாறாததற்குக் காரணம் உண்டு. ஒரு ஃபவுலைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். என்ன நடந்தது என்பது ஒன்று. எந்த அளவு நடந்தால் விசில் ஊதவேண்டும் என்பது மற்றொன்று. ரீப்ளே முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். சண்டையோ பெரும்பாலும் இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

முதலில் விதி. ஸ்கிரீன் போடுபவர் எதிராளியின் வழியில் நிற்கலாம். அது ஆட்டத்தின் அன்றாட உத்தி. ஆனால், மோதும் கணத்தில் அவர் அசையாமல் நின்றிருக்க வேண்டும். கால்களைத் தோள் அகலத்துக்கு மேல் பரப்பக் கூடாது. இடுப்பையோ தோளையோ முழங்கையையோ எதிராளியின் பாதையில் நீட்டக் கூடாது. ஓடிவருபவர் நிற்கவோ விலகவோ இடம் தரவேண்டும். இவ்வளவும் சரியாக இருந்துவிட்டால் எத்தனை பலமாக மோதினாலும் ஃபவுல் இல்லை. ஸ்கிரீன் போட்டவருக்கு இடிக்கும் எண்ணம் இருந்ததா என்று விதி கேட்பதே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, இதைப் பார்க்கவேண்டிய கண். நம் கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அந்த நகத்தைவிடச் சற்றே பெரிய பரப்புதான் ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள இடத்தில் அசைவு தெரியும், நுணுக்கம் தெரியாது. அதனால் கண் வினாடிக்கு மூன்று தடவை போலத் தாவித் தாவிப் பார்க்கிறது. தாவும் கணத்தில் பார்வை மங்கிவிடுகிறது. பார்த்ததை மூளை உணர்ந்து கையோ வாயோ அசைய, மிக எளிய செயலுக்கே கால் வினாடி போல ஆகும். ஸ்கிரீனில் நடுவர் கவனிக்க வேண்டியவை குறைந்தது மூன்று: போட்டவரின் பாதம், அவருடைய மேலுடல், மோதுபவர் வரும் வேகம். மூன்றையும் ஒரே பார்வையில் கூர்மையாகப் பிடிக்க எந்தக் கண்ணாலும் முடியாது.

அதனால்தான் இந்த ஆட்டத்துக்கு மூன்று நடுவர்கள். கூடைக்கு அருகே எல்லைக்கோட்டில் ஒருவர், பக்கவாட்டில் ஒருவர், பின்னால் ஒருவர். களத்தைப் பங்கு போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பந்து தன் பகுதியில் இல்லாவிட்டால் பந்தைப் பார்க்காதே என்பது அவர்களுக்குத் தரப்படும் முதல் பயிற்சி. நாமோ பந்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனை இதற்குப் பொருத்தமானது. அதுவும் கூடைப்பந்தை வைத்தே செய்யப்பட்டது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்துவந்து மார்பில் அடித்துக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அவர் கண்ணில் படவே இல்லை. கிளீவ்லாந்தில் கோடிக்கணக்கான கண்கள் பெக்கர்ஸைத் தொடர்ந்துகொண்டிருந்தன. எட்வர்ட்ஸின் கால்களை அந்தக் கணத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு அந்த மோதல் ரீப்ளேயில்தான் முதன்முதலாக நடந்தது.

ரீப்ளேயிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்லோ மோஷன் உண்மையை நெருக்கமாகக் காட்டுகிறது என்று நம்புகிறோம். கால் நகர்ந்ததா, முழங்கை எங்கே பட்டது என்பதற்கெல்லாம் அது உதவும்தான். ஆனால் காலத்தை இழுத்துக் காட்டும்போது, செய்தவருக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. 2016இல் யூஜின் கருசோவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கொலைக் காட்சியையும் அமெரிக்கக் கால்பந்து மோதல் ஒன்றையும் இரண்டு வேகங்களில் காட்டிச் சோதித்தார்கள். மெதுவாகப் பார்த்தவர்களுக்கு அது வேண்டுமென்றே செய்ததாகக் கூடுதலாகத் தோன்றியது. உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று திரையிலேயே காட்டியபோதும் அந்தச் சாய்வு முழுதாக மறையவில்லை. 2018இல் ஐரோப்பாவின் உயர்மட்டக் கால்பந்து நடுவர்களை வைத்து நடந்த ஆய்விலும் இதே போக்குத்தான். ஃபவுலா இல்லையா என்ற தீர்ப்பின் துல்லியம் ஸ்லோ மோஷனால் கூடவில்லை. சிவப்பு அட்டைகள்தான் கூடின.

இப்போது விதியை நினைத்துப் பாருங்கள். ஸ்கிரீன் விதி எண்ணத்தைக் கேட்கவில்லை, அசைவை மட்டுமே கேட்கிறது. ரீப்ளே பார்த்துச் சண்டை போட்டவர்களில் ஒரு தரப்பு எட்வர்ட்ஸ் வேண்டுமென்றே சாய்ந்தார் என்றது. மறு தரப்பு மார்ஷல்தான் மோதலைப் பெரிதாக்கிக் காட்டினார் என்றது. இரண்டுமே எண்ணத்தைப் பற்றிய வாதங்கள். விதி கேட்காத கேள்விக்கு, அதற்குச் சற்றும் பொருந்தாத கருவியை வைத்து விடை தேடினார்கள். எட்வர்ட்ஸ் தன் வரையில் அது சுத்தமான ஸ்கிரீன்தான் என்றார். அவர் பொய் சொன்னதாக நினைக்க எந்தத் தேவையும் இல்லை. உடம்புக்குள் இருந்து பார்ப்பவருக்குத் தன் தோள் எவ்வளவு சாய்ந்தது என்பது தெரிவதில்லை.

ஆட்டம் முடிந்தபின் கனெக்டிகட் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா சொன்னதுதான் அந்த இரவின் மிகக் கூர்மையான கருத்து என்பேன். பந்து கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் விதிமீறிய ஸ்கிரீன் என்று ஊத ஒரு வாய்ப்பு இருக்கிறது என்ற பொருளில் அவர் பேசினார். பலர் அதை ஆதங்கமாக எடுத்துக்கொண்டார்கள். நான் அதை அறிவியல் கூற்றாகவே எடுத்துக்கொள்கிறேன். ராடார் திரையில் தெரிவது விமானமா, வெறும் இரைச்சலா என்று பிரித்தறியும் சிக்கலிலிருந்து 1950களில் ஒரு கோட்பாடு வளர்ந்தது. அதன் சாரம் இது: எந்தத் தீர்ப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. எவ்வளவு நன்றாகப் பிரித்தறிய முடிகிறது என்பது திறன். எவ்வளவு சான்று இருந்தால் ‘ஆம்’ என்பேன் என்று வைத்துக்கொள்வது வரம்பு. வரம்பைத் தாழ்த்தினால் உண்மையான மீறல்கள் எல்லாம் பிடிபடும். கூடவே தவறில்லாதவையும் மாட்டும். உயர்த்தினால் அப்பாவிகள் தப்புவார்கள், மீறியவர்களும் தப்புவார்கள். இரண்டு பிழைகளையும் ஒருசேரக் குறைக்கத் திறன் கூடவேண்டும். வரம்பை நகர்த்துவதால் ஒரு பிழையை மற்றொரு பிழையாக மாற்றலாம், அவ்வளவுதான்.

கூடைப்பந்தில் மோதல் இல்லாத நிமிடமே கிடையாது. சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான தொடுதல்கள் வரிசையாக வருகின்றன. நடுவர் அந்த வரிசையில் எங்கோ கோடு போடுகிறார். ‘கடைசி நொடிகளில் ஆட்டத்தை ஆடுபவர்களிடம் விட்டுவிடுங்கள்’ என்பவர்கள் உண்மையில் கேட்பது வரம்பை உயர்த்தச் சொல்லி. ‘எப்போதும் ஒரே விதி’ என்பவர்கள் வரம்பை நகர்த்தாதே என்கிறார்கள். இரண்டாவது தரப்போடுதான் நான் நிற்கிறேன். ஊதாத விசிலும் ஒரு தீர்ப்புத்தான். ஊதியதால் எட்வர்ட்ஸுக்கு இழப்பு, ஊதாமல் இருந்திருந்தால் ஸ்கிரீனில் சிக்கிய மார்ஷலுக்கு இழப்பு. செய்த தவறு கண்ணை உறுத்துகிறது, செய்யாமல் விட்ட தவறு ஓசையின்றிப் போய்விடுகிறது என்பதற்காக இரண்டாவதை நடுநிலை என்று சொல்லிவிட முடியாது.

அந்த வரம்பு ஒரே ஆட்டத்துக்குள்ளும் நகரும் என்பதற்குச் சான்று உண்டு. 2004-05 பருவத்தின் கல்லூரி ஆண்கள் ஆட்டங்கள் 365ஐ ஆராய்ந்தவர்கள், எந்த அணிமேல் குறைவாக ஃபவுல் பதிவாகியிருக்கிறதோ அந்த அணிமேல் அடுத்த விசில் விழும் வாய்ப்பு கூடுவதைக் கண்டார்கள். வித்தியாசம் பெருகப் பெருக அந்த வாய்ப்பும் பெருகியது. சொந்த ஊரில் ஆடும் அணிக்கும் சாதகம் இருந்தது. கணக்கைச் சமன் செய்ய நடுவர் திட்டமிடத் தேவையில்லை. சந்தேகமான மோதல் வரும்போது கோடு தானாகவே சற்று நகர்ந்துவிடுகிறது.

இனி வர்ணனை. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் பகுதிகளைச் சிலருக்கு வர்ணனையோடும் சிலருக்கு வர்ணனையின்றியும் காட்டினார்கள். ஒரு பகுதி சாதாரண ஆட்டம். ஆனால் வர்ணனையாளர் அதன் முரட்டுத்தனத்தை அழுத்திப் பேசியிருந்தார். இன்னொன்று உண்மையிலேயே முரட்டு ஆட்டம். வர்ணனை அதைக் கண்டுகொள்ளவில்லை. வர்ணனையோடு பார்த்தவர்களுக்குச் சாதாரண ஆட்டமே அதிக முரட்டுத்தனமாகத் தெரிந்தது. கண் முன்னால் படம் ஓடும்போதே, காதில் விழுந்த சொல் படத்தை மாற்றிவிட்டது. ‘ஐயோ, இந்த நேரத்தில் இதற்கா விசில்!’ என்று ஒரு குரல் கேட்டபின் ரீப்ளேயை வெறும் கண்ணால் பார்க்க நம்மால் முடியாது.

பெண்கள் ஆட்டத்தில் இந்தக் குரலுக்குக் கூடுதல் வரலாறும் உண்டு. 1989ஆம் ஆண்டின் கல்லூரி ஆண்கள், பெண்கள் கூடைப்பந்து இறுதிச்சுற்று ஆட்டங்களின் வர்ணனையை மைக்கேல் மெஸ்னரும் உடன் ஆய்வாளர்களும் ஒப்பிட்டார்கள். வளர்ந்த வீராங்கனைகளைச் சிறுமிகள் என்றே வர்ணனையாளர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். வீரர்களை யாரும் சிறுவர்கள் என்று அழைக்கவில்லை. பெண்களின் தோல்விக்குப் பதற்றத்தைக் காரணம் காட்டிய இடத்தில், ஆண்களின் தோல்விக்கு எதிராளியின் வலிமை காரணமானது. 2024 இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டின் ஆண்கள் இறுதியாட்டத்தை முதன்முறையாக விஞ்சிய எண்ணிக்கை. அந்த அளவுக்கு வளர்ந்த ஆட்டத்துக்கு இரக்கமோ ஆவேசமோ போதாது. ஸ்கிரீன் விதியில் பாதம் எங்கே இருக்கவேண்டும் என்று நிதானமாகச் சொல்லும் வர்ணனை வேண்டும்.

ரசிகர்களைப் பற்றியும் ஒரு சொல். 1951இல் டார்ட்மத், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதிய முரட்டு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் படத்தைப் பின்னர் இரு கல்லூரி மாணவர்களுக்கும் காட்டினார்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்கள் பிரின்ஸ்டன் மாணவர்களுக்குச் சராசரியாக 9.8, டார்ட்மத் மாணவர்களுக்கு 4.3. இரு தரப்பும் பார்த்தது ஒரே படச்சுருள்.

அமெரிக்கத் தொழில்முறை ஆண்கள் லீகான என்பிஏ, 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை மறுபரிசீலனை செய்து மறுநாள் வெளியிடுகிறது. அதில் தவறாக ஊதிய விசிலைவிட, ஊதவேண்டிய இடத்தில் ஊதாமல் விட்டவையே அதிகம் பட்டியலாகின்றன. கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் அப்படியொரு வழக்கம் இல்லை. வரவேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். அதில் கிளீவ்லாந்து விசிலுக்கு இரண்டு பதில்கள் தேவைப்பட்டிருக்கும். மோதிய கணத்தில் எட்வர்ட்ஸ் அசைந்தாரா என்பது முதல் பதில். அன்று இரவு முதல் பாதியில் அதே அளவு அசைந்த ஸ்கிரீன்கள் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு விசில் ஒலித்தது என்பது இரண்டாவது.