கிராம்பு எண்ணெய்: வலி அடங்கினால் கிருமியும் அடங்கியதா?

பல்வலியோடு எங்களிடம் வருபவர்களில் பலர், கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துச் சொத்தைக் குழிக்குள் சில நாள் வைத்துப் பார்த்த பிறகே வருகிறார்கள். வலி குறைந்ததாக அவர்கள் சொல்வது உண்மைதான்.

கிராம்பு மொட்டை நீராவியில் வடித்தெடுக்கும் எண்ணெயில் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு வரை இருப்பது யூஜெனால் என்னும் பீனால் வகைச் சேர்மம். எஞ்சியதில் யூஜெனைல் அசிடேட்டும் பீட்டா-கேரியோபிலீனும் முதன்மையானவை. கொழுப்பில் எளிதில் கரையும் யூஜெனால் பாக்டீரியாவின் செல் சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைப்பதால், உள்ளிருக்கும் அயனிகள் கசிந்து கிருமி மடிகிறது. சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸும், வாயில் வெண்படலம் உண்டாக்கும் கேண்டிடா பூஞ்சையும் ஆய்வகத்தில் இதற்கு அடங்குகின்றன. ஆனால், பல்லின் மேல் பசைபோன்ற படலத்துக்குள் கூட்டமாகப் பதுங்கியிருக்கும் கிருமிகள் அவ்வளவு எளிதில் மடிவதில்லை. வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தாலோ, பஞ்சில் வைத்த எண்ணெய் அங்கே எட்டுவதே இல்லை. யூஜெனால் நரம்பை மரத்துப்போகச் செய்வதால் வலி மட்டும் அடங்க, சீழ் தன் போக்கில் பரவுகிறது.

கிருமியின் சவ்வைக் குலைக்கும் அதே பொருள் நம் ஈறையும் விட்டுவைப்பதில்லை. நீர்க்காத எண்ணெயைத் தடவி, ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்து வெளுத்த நிலையில் வருபவர்களை அடிக்கடி பார்க்கிறோம். பல் மருத்துவர்களும் யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறோம். ஆனால் அது பற்கூழை, அதாவது பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் மென்மையான பகுதியை, தொடாதபடி பார்த்துக்கொள்கிறோம். பல் நிறத்து ரெசின் அடைப்பு சரியாக இறுகுவதையும் யூஜெனால் தடுக்கும் என்பதால், வீட்டில் எண்ணெய் வைத்திருந்தால் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குச் சமரசமே இல்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்பதே யூஜெனாலுக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட அன்றாட உட்கொள்ளல் வரம்பு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு சொட்டு எண்ணெயே அதைத் தாண்டிவிடும். 5 முதல் 10 மில்லி விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பும் கடுமையான கல்லீரல் சேதமும் ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. குழந்தை எண்ணெயை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.