கன்ட்ரோலர் இல்லாத சீரியல் செட்

குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்குச் சில நாள் முன்பே தெருவில் சீரியல் செட் கட்டிவிடுவார்கள். வெளிச்சம் ஓடுகிற மாதிரி தெரியும். ஆனால் எந்த பல்பும் இடம்விட்டு நகர்வதில்லை. அணைந்து அணைந்து எரிகிறது, அவ்வளவுதான். எதை எப்போது எரியவிடுவது என்பதைக் கம்பத்தில் கட்டியிருக்கும் சின்னப் பெட்டி பார்த்துக்கொள்கிறது.

அந்தப் பெட்டியே இல்லாமல் சிமிட்டுகிற ஒன்றை மூன்று புளியங்கொட்டையால் செய்யலாம். இந்தக் கோடையில் அக்கா மகளோடு செய்து பார்த்தேன். வீட்டில் வருஷத்துப் புளிக்குக் கொட்டை எடுத்து முடித்திருந்த சமயம். விரிப்பதற்குக் கட்டம் போட்ட பழைய கைலி. கைலி நெய்கிற ஊரில் அதற்கா பஞ்சம்?

விதி இதுதான். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி, மூலைகளையும் சேர்த்து எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. கொட்டை இருக்கிற கட்டத்துக்கு அக்கம்பக்கத்தில் இரண்டோ மூன்றோ கொட்டை இருந்தால் அது பிழைக்கும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் செத்துவிடும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். இப்படிக் கட்டங்களும் விதியும் மட்டும் கொண்ட ஏற்பாட்டைச் செல்லுலார் ஆட்டோமேட்டன் என்கிறார்கள். மேலே சொன்ன விதி கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜான் கான்வே உருவாக்கியது. பெயர் 'கேம் ஆஃப் லைஃப்'. 1970 அக்டோபரில் 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் இதைப் பற்றி எழுதியபிறகு உலகமெங்கும் பரவியது.

சரி, மூன்று கொட்டையை ஒரே வரிசையில் படுக்கையாக வையுங்கள். ஓரத்தில் உள்ள இரண்டுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு துணை, அதனால் சாகும். நடுவில் உள்ளதற்கு இரண்டு பக்கமும் துணை உண்டு, பிழைக்கும். நடுக்கொட்டைக்கு நேர் மேலே உள்ள காலிக் கட்டம் மூன்று கொட்டையையும் தொடுகிறது, அங்கே ஒன்று பிறக்கும். கீழேயும் அப்படியே. இப்போது வரிசை செங்குத்தாக நிற்கிறது. அடுத்த படியில் அதே கணக்கு மறுபடி படுக்க வைக்கும். இரண்டு படிக்கு ஒருமுறை பழைய நிலை. இதற்கு 'பிளிங்கர்' என்று பெயர்.

பார்ப்பதற்கு ஒரு குச்சி சுழல்வது போல இருக்கும். உண்மையில் நான்கு கட்டங்கள் மாறி மாறி நிரம்பிக் காலியாகின்றன, நடுக்கட்டம் அசைவதே இல்லை. மாறுகிற கட்டங்களை ரோட்டார் என்றும், மாறாததை ஸ்டேட்டார் என்றும் சொல்வார்கள். போர்வெல் மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்பவர்கள் சொல்லும் அதே வார்த்தைகள்தான்.

அவளிடம் விதியைச் சொல்லிக் கையில் கொடுத்தேன். ஓரத்துக் கொட்டைகள் சாகும் என்று தெரிந்ததும் இரண்டையும் எடுத்துவிட்டாள். அப்புறம் பிறப்பை எண்ணப் போனால் மேலேயும் கீழேயும் தொடுவதற்கு ஒன்றுதான் இருந்தது. "இன்னா மாமா, ஒன்னுதான் மிச்சம்?"

தப்பு அவளுடையது அல்ல, நான் சொல்லாமல் விட்டது. எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில், பழைய நிலையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் அடுத்தது பார்க்கிற கணக்கே வேறாகிவிடும், ஆட்டம் கலைந்துவிடும். சிமிட்டச் சொல்கிற பெட்டி இங்கே இல்லை; ஆனால் எல்லோரும் ஒன்றாக அடியெடுத்து வைக்க வேண்டும் என்கிற தாளம் உண்டு. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் உயிர்நாடி எண்ணிக்கையைவிட இதில்தான் இருக்கிறது.

கையால் ஆடும்போது இதற்கு ஒரு உபாயம் வேண்டும். தாயம் உருட்ட ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த கொட்டைகள் வீட்டில் இருந்தன. பிறக்கப்போகும் இடத்தில் வெள்ளை மேலே தெரிய ஒன்றை வைத்தோம், எண்ணும்போது அதைச் சேர்க்கவில்லை. சாகப்போவதன் மேல் இன்னொரு கொட்டையை அடுக்கினோம். எல்லாம் குறித்து முடித்தபின் அடுக்கியதை எடுத்துவிட்டு, வெள்ளையைக் கருப்பாகத் திருப்பினோம். கார்ட்னரும் கருப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஏறக்குறைய இதே வழியைத்தான் சொல்லியிருந்தார்.

அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. நான்கை ஒரே வரிசையில் வைத்தாள். இரண்டே படியில் ஆறு கொட்டை அறுகோணமாக உட்கார்ந்து அசையாமல் நின்றது. 'தேன்கூடு' என்று பெயர். அதேபோல் ஐந்து வைத்தால் முதல் படியில் ஒன்பது கொட்டைச் சதுரம், அப்புறம் விரிந்து இருபது வரை ஏறி, ஆறாவது படியில் நாலு திசையில் நாலு பிளிங்கராகப் பிரிந்துவிடுகிறது. இதை 'டிராஃபிக் லைட்' என்கிறார்கள். நான்கும் ஒரே சமயத்தில் திரும்பும். நம்மூர் நாற்சந்தி சிக்னல் அப்படி வேலை செய்தால் ஒரு வண்டி உருப்படியாக வீடு திரும்பாது.

மூன்று சிமிட்டுகிறது, நான்கு உறைகிறது, ஐந்து நான்காக உடைகிறது. இதில் என்ன ஒழுங்கு என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு படி மட்டும்தான் என்றில்லை. 'பல்சர்' என்ற வடிவம் மூன்று படிக்கு ஒருமுறை திரும்பும், 48, 56, 72 என்று கொட்டைகள் கூடிக் குறையும். எந்த எண்ணைச் சொன்னாலும் அத்தனை படிக்கு ஒருமுறை திரும்புகிற வடிவம் உண்டா என்ற கேள்வி ஐம்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. கடைசிவரை பிடிபடாமல் இருந்தவை 19, 41 இரண்டும்தான். அவையும் 2023-இல் கிடைத்தன.

மறுநாள் அவள் பத்துக் கொட்டையை வரிசையாக வைத்தாள். நீண்டு சுருங்கி, ஒரு வடிவத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி கிளம்பியது. அந்த வடிவத்திலிருந்து ஒவ்வொரு படிக்கும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாள். அதே வடிவம் திரும்ப வந்ததும் எண்ணிப் பார்த்தால் 15 கோடு. நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினாள். அப்போதும் 15.