தவக்காலக் கஞ்சியும் சர்க்கரை மாத்திரையும்

சர்ச்சில் சிலுவைப்பாதை ஜெபத்தின் ஐந்தாம் நிலையில் முழங்காலிட்ட ஓர் அம்மா எழுந்திருக்கவில்லை. வயது 64. என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தபோது ரத்தச் சர்க்கரை 41-க்கு இறங்கியிருந்தது. காலையில் வழக்கம்போல கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறார். அதன் பிறகு நாள் முழுக்க ஒரு டம்ளர் நீராகாரம்தான். தெளிந்ததும், "எத்தனையோ ஏழைங்க பட்டினி கிடக்கிறாங்க டாக்டர், நான் ஒரு நாள் கிடந்தா என்ன?" என்றார். ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில், நோன்பிருந்து இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

எண்ணத்தில் குறையே இல்லை. ஆனால் எளிமை என்றாலே வெறுங்கஞ்சியும் ஊறுகாயும்தான் என்று யார் சொல்லிக்கொடுத்தது? ஏழை ஆசைப்பட்டா அதைக் குடிக்கிறார்? பருப்பு வாங்கக் காசில்லாமல் குடிக்கிறார். அதன் விளைவை நான் தினமும் பார்க்கிறேன்: ஹீமோகுளோபின் 7-ஐ வைத்துக்கொண்டு சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள். நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அவர்கள் பிள்ளைகளுக்கு அரசு சத்துணவில் முட்டை வைக்கிறது. நாமோ அவர்கள் பேரைச் சொல்லி நம் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிடுகிறோம்!

கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, அவித்த தட்டைப்பயறு, ஒரு கை வேர்க்கடலை. இதுவும் எளிய சாப்பாடுதான், செலவும் குறைவு. (கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள் கீரை, பயறு அளவைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.) கறியைத் தொடமாட்டோம் என்று வஞ்சிரம் வறுவலுக்கு மாறுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை கட்டாய நோன்பாக வைத்திருப்பது திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என இரண்டே நாள். அதுவும் 18 முதல் 59 வயது வரைதான். அன்றைக்கும் ஒரு முழு வேளைச் சாப்பாடு உண்டு. நோயாளிக்கு விலக்கு உண்டு. நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையென்றால் பங்குச் சாமியாரையே கேளுங்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளையைத் தள்ளாதீர்கள். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். நோன்பு முறிந்தால் முறியட்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கர்ப்பிணிகளே, பால் கொடுக்கும் தாய்மாரே, உங்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம், தயவுசெய்து.

வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த அம்மாவிடம், "மூணு வேளையும் சாப்பிடுங்க. ஏழைங்களுக்கு ஏதாவது செய்யணும்னா ஞாயித்துக்கிழமை பிரியாணிக் காசைத் தவக்கால உண்டியல்ல போடுங்க" என்றேன்.

"அது பையன் சாப்பிடறதாச்சே டாக்டர்" என்றார்.